ஆளில்லாத வீட்டுக்கு ஒரு ஸலாம்

அந்த இடத்தை நான் கைபேசி வரைபடத்தில்தான் கண்டுபிடித்தேன். மருதமுனைக் கடற்கரையில், தென்னைகளுக்கு அப்பால், மணலுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம். சுனாமியில் கடல் வந்த வருடம் சுவரும் கூரையும் போய்த் தரை மட்டும் மிஞ்சிய வீடு. சீமெந்துத் தரையில் பஸ் சில்லு புதையாது என்று ஜெஸீமிடம் சொன்னதும் நான்தான்.

பஸ்தான் எங்கள் வீடு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த பழைய சின்ன பஸ். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் வைத்திருக்கிறோம். என் கணவர் ஜெஸீம் ஊர் ஊராகப் போய்க் கூரைகளில் சோலார் தகடு பூட்டுகிறார். வேலை எங்கேயோ அங்கே அவரும் நானும் நாலு வயது மகள் ஹிபாவும். சாய்ந்தமருதில் இருந்த வாடகை வீட்டை விட்டுப் பதினொரு மாதம்.

எங்கே நிறுத்துவது, எப்போது கிளம்புவது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது என் வேலை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஓரிடம் சரிவராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இன்னோர் இடம் கைவசம் இருக்க வேண்டும். இந்த முறை அது நாவிதன்வெளியில் ஒரு வாய்க்கால் கட்டு.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். முன்பக்கம் மூன்று வாசற்படிகள் மட்டும் நின்றன. பின்பக்கம் மணல் ஏறித் தரையோடு சமமாகியிருந்தது. பஸ்ஸை அந்தப் பக்கத்தால் ஏற்றலாம்.

ஜெஸீம் இறங்கிப் படியருகே போனார்.

"வீட்டுக்காரர்! விருந்தாளி வந்திரிக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்!"

ஆளில்லாத வீட்டில் நுழையும்போது சொல்ல வேண்டிய ஸலாம் வேறு. குர்ஆன் மத்ரஸாவில் எல்லோருக்கும் சொல்லித்தந்ததுதான். அவருக்கும் தெரியும். ஆட்கள் இருக்கிற வீட்டுக்குச் சொல்வதை அவர் பகிடிக்குச் சொன்னார்.

ஹிபா சிரித்தாள். "பதில் சொல்லிட்டாங்க, வாப்பா."

"என்ன சொன்னாங்க, மகள்?"

"உள்ள வரட்டாம்."

நானும் சிரித்தேன்.

இரண்டு இரவுகள் நன்றாகவே போயின. கடற்காற்று. பக்கத்துக் கிணற்றில் உப்பில்லாத தண்ணீர். ஹிபா நாள் முழுக்கத் தரையில் ஓடித் திரிந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஒன்றைக் கவனித்தேன். அவள் நேராக ஓடுவதில்லை. வெறும் தரையில் நாலடி வைத்து நின்று, வலப்பக்கம் கிறுகி, பிறகு இடப்பக்கம் போவாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

"ஏன் மகள் சுத்திப் போறீங்க?"

"சுவர் இரிக்கி, உம்மா."

பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை மீன்காரர் றஸாக், ஜெஸீமுக்கு அண்ணன் வயது, சைக்கிளில் வந்தார். படிக்குக் கீழேயே நின்று சூரை மீனை நீட்டினார்.

"மேல வாங்களன், காக்கா. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்," என்றார் ஜெஸீம்.

"வேணாம், தம்பி. கால் எல்லாம் மண்ணு."

தரை முழுக்க மண்தான் கிடந்தது.

"எத்தின நாள் இரிக்கப் போறீங்க?"

"இண்டைக்குப் போற எண்டு இவ எழுதி வச்சிரிக்கா. எனக்கெண்டா இன்னும் ரெண்டு நாள் நிக்கலாம் போல."

"மூணு நாள்தான் தம்பி விருந்து. நாலாம் நாள் சட்டி பானை கழுவணும். பொறகு நீங்களும் வீட்டாக்கள்தான்." றஸாக் காக்கா சிரித்தார். ஆனால் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

எனக்குக் கிளம்ப வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஜெஸீமுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை வந்தது, ஞாயிறும் திங்களும்.

"திட்டத்தக் கொஞ்சம் மாத்து, புள்ள. வளைஞ்சு குடுக்காட்டி பஸ்ஸில என்னத்துக்கு வாழ்ற? உன்ட கொப்பி கல்வெட்டா?"

நான் வளைந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாலாம் நாள். மதிய லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர். ஜெஸீம் வேலைக்குப் போயிருந்தார். அரிசி களைந்துவிட்டுத் திரும்பினால் பஸ்ஸில் ஹிபா இல்லை.

தரையின் கடைசி மூலையில் உட்கார்ந்திருந்தாள். முதுகை எனக்குக் காட்டி. உச்சி வெயில். மணல் வெள்ளையாகக் கொதித்தது.

அவள் இருந்த இடம் மட்டும் நிழல்.

மேலே ஒன்றுமில்லை. மரம் இல்லை, முகில் இல்லை. சதுரமான, ஓரங்கள் கூரான நிழல்.

"ஹிபா!"

ஓடினேன். ஆறாவது அடியில் நெற்றி எதிலோ மோதியது. விழுந்தேன். புருவத்திலிருந்து இரத்தம் கண்ணுக்குள் வந்தது. கையை நீட்டினேன். காற்றில், குளிர்ந்த, சொரசொரப்பான சுவர்.

சுண்ணாம்பு வாடை.

தடவிக்கொண்டே வலப்பக்கம் போனேன். கை வெறுமைக்குள் விழுந்தது. அதுதான் வாசல். இடப்பக்கம் திரும்பினேன். கடல் சத்தம் நின்றுவிட்டது.

ஹிபாவின் தலை மெதுவாகப் பின்னால் இழுபட்டது. மறுபடி இழுபட்டது. யாரோ தலை வாரும்போது இழுபடுமே, அப்படி. கழுத்து வரை வெட்டிய அவள் மயிர் இடுப்பு வரை பின்னியிருந்தது. பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு என் உதட்டில் பட்டது.

உப்பு.

"சத்தம் போடாதீங்க, உம்மா," என்று கிசுகிசுத்தாள். "சின்னப் புள்ள தூங்குது."

அவளைத் தூக்கினேன். வரவில்லை. மறுபக்கம் ஒரு பிடி இருந்தது. பலமான பிடி இல்லை. ஒரு தாயின் பிடி. நான் இழுத்தேன். பின்னல் ஏதோ ஒரு கையில் தங்கிவிட்டது. ஹிபா என் கையில் வந்தாள். மயிர் கழுத்து வரைதான் இருந்தது. தலை நனைந்திருந்தது.

உடனே கிளம்ப வேண்டும் என்று கைபேசியில் கூப்பிட்டேன். ஜெஸீம் வந்து என் நெற்றியைப் பார்த்தார். பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தார். வெட்டவெளியில், பஸ்ஸின் இரு பக்கமும் எதுவோ உராய்ந்தது. வீதியில் ஏறிய பிறகு பார்த்தோம். பஸ்ஸின் பச்சைப் பெயின்ட் நீளத்துக்கும் கீறப்பட்டு, கீறலில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"போறம் எண்டு சொல்லல்ல நாம," என்றார். "ஸலாம் சொல்லி வந்தம். சொல்லாம போறம்."

"திரும்பிப் போக மாட்டன்."

நாவிதன்வெளி வாய்க்கால் கட்டின் மேல் அஸருக்குப் பிறகுதான் நிறுத்தினோம். சுற்றிலும் வயல், நாலு திசையும் வெளி. ஒரு கல் கூட இல்லை. எனக்கு மூச்சு வந்தது. ஹிபாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்தேன். அவள் உடம்பு சூடாகத்தான் இருந்தது. என்னுடைய பிள்ளையின் சூடு.

மழை வந்தது. தூரத்தில் இருண்டு, வயலைத் தாண்டி, வாய்க்கால் தண்ணீரைக் குத்திக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. நான் எழும்பவில்லை. நனைந்தால் நனையட்டும் என்றிருந்தது.

நனையவில்லை.

எங்களைச் சுற்றி மண் காய்ந்து கிடந்தது. பத்தடி தள்ளி, நூல் பிடித்தது போல நேர்கோட்டில் மழை விழுந்தது. நாலு பக்கமும். அந்தக் கோட்டின் மேலிருந்து ஓடுகளில் மழை கொட்டும் சத்தம் கேட்டது.

ஜெஸீம் ஓத ஆரம்பித்தார். வார்த்தை நடுவில் நின்றுவிட்டது.

ஹிபா என் காதருகே வாயை வைத்தாள்.

"எல்லாரும் வீட்டுக்கு வந்தாச்சாம், உம்மா. கதவச் சாத்தப் போறாங்களாம்."

மழைச் சத்தம் சட்டென்று குறைந்தது.