சாவி திருப்பும் கை

ஓராண்டாக ஓடாத காரின் முன்கண்ணாடியில், ஓட்டுபவர் அமரும் பக்கத்துக்கு நேரே மட்டும், உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது.

நிரஞ்சன் கொட்டிலின் தகரக் கதவைச் சாத்திவிட்டு அதையே பார்த்தபடி நின்றான். அம்பிட்டிய மலைச்சரிவில் மூன்று நாளாக விடாத மழை. சுவரில் ஊறும் ஈரம் கண்ணாடியில் ஊறாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மணி ஆறைத் தாண்டியிருந்தது. கூரையில் மழையின் ஓயாத இரைச்சலுக்கு அடியில், பழைய எண்ணெயும் எலிப்புழுக்கையும் நனைந்த மண்ணும் கலந்த வாடைக்கு நடுவில், ஒரு சிட்டிகைத் திருநீற்றின் மணம் மெல்ல எழுந்து வந்தது. அண்ணன் ராஜலிங்கம் காலைதோறும் மூன்று விரலால் நெற்றியில் பூசிய மிச்சத்தைக் காரின் ஸ்டியரிங்குக்கும் பூசுவார். பதிகம் பாடியபடியே பூசுவார். அவ்விரல்களின் நுனி மாலைவரை வெளுத்திருக்கும். அவர் மறைந்து நாளையோடு ஓராண்டு.

திவசத்துக்கு ஐயரிடம் சொல்லிவர அண்ணி ரத்தினம்மா கண்டி டவுனிலுள்ள கோயிலுக்குப் போயிருந்தாள். ஏழு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். அதற்குள் இந்தக் கார் உயிர் பெற வேண்டும்.

மதியம் மடவளையிலிருந்து மெக்கானிக் ஸெய்னுலாப்தீன் வந்திருந்தார். புதிய பேட்டரி பூட்டி, புதிய பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். ஸ்டார்ட் மோட்டர் சுற்றுகிறது, பெட்ரோல் ஏறுகிறது, தீப்பொறிதான் போய்ச் சேரவில்லை என்றார். அண்ணிக்கு அந்த விடை போதவில்லை. அவர் போன அன்றைக்கு எந்தக் கோளாறினால் கார் நின்றதென்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். கணவன் ஏறியும் போக முடியாத அந்தக் காரிலேயே, கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரைக்கு நாளை அவருடைய பிண்டத்தைக் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"நாளைக்கு விடிய சுபஹு தொழுதுட்டு வாறன் தங்கச்சி. டெல்கோவத் தொறந்தா நோய் தெரிஞ்சிடும்," என்ற ஸெய்னுலாப்தீன், நிரஞ்சனைப் பார்த்துச் சிரித்தார். "டொக்டர்கிட்ட நோயாளி பொய் சொல்லுவான் தம்பி. கார் சொல்லாது."

கொயில் என்னும் கம்பிச்சுருளில் பிறக்கும் தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்புகிற கறுப்புக் கிண்ணம் அந்த டெல்கோ. அதன் நடுவே, சுழலும் தண்டின் தலையில், கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும். ரோட்டர் என்பார்கள். அது இல்லையேல் பொறி எங்கும் போகாது. அது தானாகக் கழன்று விழுவதும் இல்லை. நாளைக் காலை மூடியைத் திறப்பவருக்கு இரண்டும் தெரியும்.

அது நிரஞ்சனின் சட்டைப்பையில் இருந்தது.

திருடருக்கு அஞ்சிப் படுக்கப்போகுமுன் ரோட்டரைக் கழற்றி வைப்பது பழைய கார்க்காரர் பலருக்கும் உள்ள வழக்கம். அண்ணன் அதைச் சாமிப்படத்தின் முன் தட்டில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். இறப்பதற்கு முந்திய மாலை, வந்த விருந்தினர் காரணம் கேட்டபோது, தேநீர் கொண்டுவந்த தம்பியைக் கண்ணால் காட்டி, "வீட்டுக்குள்ளயே ஒரு ஆளு இருக்கான்ல," என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் அந்தக் காரைக் கழுவித் துடைத்தவனுக்கு ஒருநாளும் அதை ஓட்டக் கொடுத்ததில்லை.

மறுநாள் விடியலில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாய்வாக இருக்கும், ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம் என்றார். தானே ஓட்டுவதாகச் சொல்லி இருக்கையில் அமர்ந்தார். ரோட்டரை மாட்டும் வேலை தம்பிக்கு வந்தது. தட்டிலிருந்து எடுத்ததை நிரஞ்சன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொனெட்டைத் தூக்கினான். தூக்கிய பொனெட் இருவருக்கும் நடுவே சுவராக நின்றது. பழுது பார்க்கும் நாள்களில் அவர்களுடைய முறை அதுதான்: முன்னால் நிற்பவன் "போடுங்க" என்பான், உள்ளே இருப்பவர் சாவியைத் திருப்புவார். போடுங்க என்றான். சாவி திரும்பியது, ரோட்டர் பையிலேயே இருந்ததால் கார் எடுக்கவில்லை. கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நினைத்தான். மீண்டும் போடுங்க என்றான். திரும்பியது. மூன்றாம் முறை சொன்னபோது சாவி திரும்பவில்லை.

கார் ஏமாற்றிவிட்டது என்று ஊர் சொன்னது. அவனும் சொன்னான்.

இப்போது டெல்கோ மூடியின் இரு கொக்கிகளையும் தள்ளித் திறந்து, ரோட்டரைத் தண்டின் தலையில் அழுத்திப் பொருத்தி, மூடியை மாட்டினான். உள்ளே போய் அமர்ந்தான். இருக்கை, நெடிய மனிதருக்கேற்பப் பின்னால் தள்ளிக் கிடந்தது. சாவியைத் திருப்பினான். மோட்டர் வறண்ட தொண்டையாய்க் கரகரத்ததே தவிர, என்ஜின் எடுக்கவில்லை. மறுபடியும். இல்லை.

சாவியை உருவி, வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பொறி பிறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கொயிலிலிருந்து வரும் தடித்த வயரின் நுனியைக் கழற்றி, துணி சுற்றிப் பிடித்து, என்ஜினின் இரும்புக்கு மயிரிழை தூரத்தில் நிறுத்தினான். பதினைந்து ஆண்டுப் பழக்கம் வாயில் இருந்தது.

"போடுங்க."

சொன்ன பின்னரே தான் தனியாக இருப்பது நினைவுக்கு வந்தது.

மோட்டர் சுற்றியது. வயர் நுனியிலிருந்து இரும்புக்கு நீலப்பொறி டிக், டிக், டிக் என்று தாவியது. பிறகு நின்றது.

சுண்டுவிரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

ஈரத்தால் வயரெல்லாம் ஒன்றோடொன்று கலந்திருக்கும், பழைய காரில் நடப்பதுதான் என்று உதடுகளை அசைத்துச் சொன்னான். பொனெட்டைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தான். இருக்கையில் யாருமில்லை. ஆனால் கண்ணாடியில் படிந்த ஆவி ஓரிடத்தில் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு. உள்ளிருந்து.

பதிகம் ஒன்றைத் தொடங்கினான். முதலடியே வரவில்லை. நாவில் இருந்த தமிழ் முழுவதும் எங்கோ போய்விட்டிருந்தது.

பொறி இருக்கிறது. அப்படியானால் கோளாறு டெல்கோவில். வேறெங்கும் இருக்க முடியாது. மூடியைத் திறந்தான்.

தண்டு மொட்டையாக நின்றது.

சட்டைப்பை கனத்தது. கையை விட்டான். அது அங்கே இருந்தது. அன்று கிடந்த அதே மூலையில், உடம்புச் சூட்டோடு. எடுத்துப் பொருத்தினான். விரல் வலிக்க அழுத்தினான். மூடினான். கொக்கி பூட்டும் ஓசையைக் காதால் கேட்டான். உடனே திறந்தான்.

மொட்டைத் தண்டு.

பையில் கனம்.

எடுத்தான். இம்முறை பொருத்தவில்லை. உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டான். டெல்கோவின் மூடி, வயர்களில் தொங்கியது. மழை சட்டென்று ஓய்ந்தது. அந்த அமைதியில், பொனெட்டுக்கு அப்பால், இருக்கையின் ஸ்பிரிங் அழுந்திக் கிறீச்சிட்டது. ஒருவர் வசதியாக நகர்ந்து அமர்வது போல.

அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

சாவி திரும்பியது.

மூன்றாம் முறை.

என்ஜின் எடுத்தது. இருமவில்லை, தயங்கவில்லை. அண்ணன் கையில் எடுப்பதுபோல் எடுத்தது. திறந்த கிண்ணத்தின் நடுவே, தலையில் ஒன்றும் இல்லாத அந்தத் தண்டு சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

தகரக் கதவு திறந்தது. நனைந்த சேலையோடு அண்ணி நின்றாள், கையில் டோர்ச். வெளிச்சம் முதலில் காரைத் தொட்டது. பிறகு தொங்கும் மூடியை. பிறகு அவன் கையை. விரல்கள் தாமாக விரிந்தன.

உள்ளங்கையில் ரோட்டர்.

வெளிச்சம் அங்கேயே நின்றது. ஓராண்டாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அதில் கிடந்தது. கணவன் இரவுதோறும் அதைக் கழற்றிச் சாமிப்படத்தின் முன் வைத்ததைப் பார்த்தவள் அவள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஹோர்ன் இருமுறை அடித்தது, சுருக்கமாக. புறப்படும்போது அண்ணன் தம்பியைக் கூப்பிடும் விதம்.

அண்ணி டோர்ச்சை அணைத்தாள். வாசலை விட்டு ஒதுங்கி, காருக்கு வழிவிட்டு நின்றாள்.

"ஏறுங்க தம்பி," என்றாள். "எவ்வளவு நேரந்தான் அவரக் காக்க வைப்பீங்க."

காரின் இடப்பக்கக் கதவு மெல்லத் திறந்தது. உள்ளிருட்டிலிருந்து நீண்டு வந்து அதைத் தள்ளிப் பிடித்திருந்த கையில், மூன்று விரல்களின் நுனி வெளுத்திருந்தது.