ஜுராகன் கடித்த விரல்

காலையில் கடித்தது. மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்தும் ரத்தம் நின்றபாடில்லை.

ஊசி குத்தியதுபோல இரண்டே பல் தடம். கோழி வெட்டிய கையைக் கழுவாமல் கூண்டுக்குள் நீட்டியது இமாஸின் தப்பு; ஜுராகனுக்குக் கோழியும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். ஆறடி உடும்பு அது. ஞாயிறுதோறும் கணவன் ரம்லான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, உடும்பு வளர்க்கும் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்ளப் பூங்காவுக்குப் போவான். அந்தக் கூட்டத்துக்குக் கடித் தழும்பு என்றால் பதக்கம் மாதிரி.

போனில் ரம்லான் சிரித்தான். அவளைச் செல்லமாக நெங் என்பான்; அவளுக்கு அவன் அபாங். "இப்பத்தான் நெங், நீ எங்க ஆளு. காப்பித்தூளை வச்சு அமுக்கு, நின்னுரும்."

"மூணு தடவை வச்சுட்டேன் அபாங், கரைஞ்சு ஒழுகுது. தோள் வரைக்கும் மரத்துப்போச்சு. இதுக்கு விஷம் உண்டாமே?"

"விஷம் பாம்புக்குத்தான். ஷிப்ட் முடிஞ்சு வர்றேன்."

கையில் துண்டை இறுகச் சுற்றினாள். பெக்காசி நகரத்து மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சோற்றாவியும் ஈரச் சுவரும் காப்பித்தூளும் கோழிக்குடல் கவிச்சியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, சுவரைப் பிடித்து நின்றவளுக்கு, மழைச் சத்தத்தின் நடுவே எங்கோ தரையில் நகம் உரசுவது கேட்டது. கூண்டைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. கடிபட்ட பதற்றத்தில் கொக்கி போடவில்லை.

நாலு மாதக் குழந்தை டிட்டா படுக்கையறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இமாஸ் ஓடினாள். அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். கதவடி இடுக்கில் போர்வையைத் திணித்தாள். தூளிக்குள்ளிருந்து குழந்தையின் மூச்சு சீராக வந்தது. போன உயிர் திரும்பியது.

தோளின் மரப்பு காலுக்கும் இறங்கியிருந்தது. கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி எழ முடியும் என்று தோன்றவில்லை.

காலையிலிருந்து பத்துத் தடவையாவது வந்து தூளியை ஆட்டியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் விரல் சொட்டியது. வெள்ளைத் தரையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். துடைக்கத் தெம்பில்லாமல் விட்டிருந்தாள்.

இப்போது ஒரு புள்ளிகூட இல்லை.

தரை ஈரமாக இருந்தது. நக்கிய ஈரம். கதவிலிருந்து தூளி வரைக்கும்.

தூளியின் அடியில், அவள் பிடித்து ஆட்டிய இடத்தில், ரத்தக்கறை மட்டும் மிச்சமிருந்தது.

கட்டிலுக்கடியில் நகம் உரசியது.

கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. கை எழவில்லை.

கருநீல நாக்கு நீண்டது. நுனி பிளந்த நாக்கு. கறையைத் தொட்டது. மறுபடி தொட்டது. தூளி லேசாக ஆடியது.

டிட்டா தூக்கத்தில் சிரித்தாள்.