கண்ணாடியில் நேராக இருந்தவள்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட சங்கரலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. ஸ்டாண்டு கேமராவின் பின்கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் விழும். ராட்டினம், பெட்டிகள், அதில் உட்கார்ந்திருக்கும் சனம், எல்லாமே தலைகீழ். அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்த பதினைந்து வருடமாக அப்படித்தான் பார்க்கிறான். ஆனால் உச்சிக்கு அடுத்த பெட்டியில் ஒருத்தி மட்டும் நேராக உட்கார்ந்திருந்தாள்.

துணியை விலக்கி நிமிர்ந்தான். அந்தப் பெட்டியில் யாரும் இல்லை.

திருச்சுழிக்கு வெளியே, வறண்ட கண்மாய்க்குள் திருவிழாக் கூட்டம். வெயில் இறங்கியும் கரிசலின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது; எஞ்சின் புகையும் சேவு சுடும் எண்ணெயும் கலந்து குமட்டிக்கொண்டு வந்தது. துணியில் மட்டும் வேறொரு வாடை. எத்தனை முறை துவைத்தும் போகாதது.

எஞ்சின் பக்கம் நிற்கும் ராட்டினக்காரர் உக்கிரபாண்டிக்கு அந்த இரைச்சலில் எந்தப் பேச்சும் கேட்காது. அதனால் கைதான் பேசும். சங்கரலிங்கம் கையைத் தூக்கினால் ராட்டினம் நிற்கும்; படம் எடுத்துவிட்டு இறக்கினால் சுற்றும். போன வருடம் பரளச்சிப் பெண் வெள்ளைத்தாய் உச்சியில் இருந்தபோது, "எந்திரிச்சு நில்லு தாயி, மொகம் தெரியல" என்றான். அவள் நின்றாள். இவன் மறதியாய், கேமராவின் படத்தகட்டைச் சரிசெய்யக் கையை இறக்கிவிட்டான்.

அவள் தலைகீழாக வந்தாள். இரும்புச் சட்டத்தில் மண்டை மோதி, சிதறுகாய் உடைந்த மாதிரி சத்தம். ரத்தம் இந்தத் துணிவரை தெறித்தது. அவளாகத்தான் எழுந்தாள் என்று போலீஸில் சாதித்தான். கோழைப்பயல். அது அவனுக்கே தெரியும்.

இப்போது உச்சியில் இருப்பது அவன் மனைவி அருஞ்சுனை. கல்யாணமாகி மூன்று மாதம். ராட்டினத்தில் ஒரு படம் வேண்டுமென்று அடம்பிடித்து, வேண்டாம் என்றதையும் கேளாமல் ஏறிவிட்டாள்.

அவளைப் படமெடுக்க ராட்டினத்தை நிறுத்தித் தூக்கிய கையை இப்போது இறக்கக் கூடாது. ஆனால் இறக்காமல் அவளைக் கீழே கொண்டுவரவும் முடியாது.

"கம்பியப் பிடிச்சு உக்காரு புள்ள. எந்திரிக்காத," என்று கத்தினான். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

மற்றவள் எங்கே? துணிக்குள் மட்டும்தான் தெரிவாள். ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடியே மறுபடி தலையை நுழைத்தான்.

அருஞ்சுனை தலைகீழாகச் சிரித்தாள். அவள் பக்கத்தில், நேராக, வெள்ளைத்தாய்.

வாயைத் திறந்தான். துணி வாய்க்குள் புகுந்து அடைத்தது. ஈரமாக. உப்புக் கரித்தது. அவன் காதோரம் அவனுடைய குரலே கேட்டது.

"எந்திரிச்சு நில்லு புள்ள. மொகம் தெரியல."

கண்ணாடியில் அருஞ்சுனை எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

துணிக்கு வெளியே, தூக்கிய மணிக்கட்டில் குளிர்ந்த விரல்கள். இழுத்தன. தோள் முறியத் தாங்கினான். எலும்பு நொறுங்கியது. கை இறங்கியது.

எஞ்சின் உறுமியது.

சிதறுகாய்ச் சத்தம். அலறல். துணி கழுத்தை இறுக்கியது, தலையை வெளியே எடுக்க விடவில்லை.

கண்ணாடிக்குள் ராட்டினம் சுற்றி, நின்றது. எல்லாரும் தலைகீழாக வாய் பிளந்திருந்தார்கள். ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு பெண்கள், நேராக, தோளோடு தோள் ஒட்டி, பிளந்த நெற்றிகளோடு, படத்துக்காக அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.