மூன்று விரல் நீலம்

அறுவை வார்டின் கடைசி அறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. காமிராக்காரர் ஏணியில் நின்று கட்டிலுக்கு மேலே காமிராவைத் திருகினார். கீழே தங்கை படுத்திருந்தாள். வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே. மணிக்கட்டைச் சுற்றித் தையல்.

முந்தின நாள் அந்தக் கை தனியாக, பனிக்கட்டிப் பையில் வந்தது. இதே வார்டில் நர்ஸாக இருக்கும் அக்காதான் பையைத் திறந்தாள். பையில் கூடவே கிடந்த வளையலைப் பார்த்துத்தான் யாருடைய கை என்று தெரிந்தது.

வெட்டியது தங்கையின் புருஷன், கறிக்கடைக்காரன். கத்தியோடு தெருவுக்கு ஓடியவன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிணவறை இதே கட்டடத்தின் அடியில் இருந்தது.

"இது தோலுக்கு அடியில ரத்தம் ஆக்சிஜன் கொண்டு வருதான்னு நிறத்துல காட்டும்," என்றார் காமிராக்காரர். "சிவப்புன்னா கை பொழச்சுது. நீலம்னா டாக்டரைக் கூப்பிடுங்க. தினமும் முதல்ல இந்த அளவுத் தகட்டைக் காட்டணும். அதை வச்சுத்தான் எது நல்ல தோல்னு இது கணக்குப் போடும்."

"தகடெல்லாம் எங்க வார்டுல தங்காது சார். எங்க கையையே காட்டிக்கிறோம்," என்றாள் அக்கா.

"உன் கையா?" என்றாள் கூட இருந்த நர்ஸ். "அதைக் காட்டினா மெஷினே மயங்கிடும்."

காமிராக்காரர் சிரித்தார். "கை நல்லா இருக்கிற வரைக்கும் சரிம்மா."

சாயங்காலம் வரை காமிராவின் திரையில் தங்கையின் கை சிவப்பாக இருந்தது.

பிறகு பச்சைக் கறி வாடை வந்தது. ஜன்னல் மூடியிருந்தது.

தங்கை கண் திறந்தாள். "அக்கா... இறுக்குறாரு."

"யாருடி?"

அக்கா திரையைப் பார்த்தாள். மணிக்கட்டின் மேல் நீலப் பட்டைகள். ஒரு கட்டைவிரல். எதிர்ப்பக்கம் மூன்று விரல்.

மோதிர விரலைக் கறிக்கடைக்காரன் தொழிலில் இழந்திருந்தான்.

ஒரு தையல் தெறித்தது. இன்னொன்று. ரத்தம் அக்காவின் முகத்தில் அடித்தது. தங்கை அலறினாள். யாரும் தொடாத கை கட்டிலின் விளிம்புக்கு இழுபட்டது.

அக்கா அதன் மேல் விழுந்தாள். வெறும் காற்றை அடித்தாள், நகத்தால் கிழித்தாள். கடைசியில் தன் கையை அந்த இடத்தில் திணித்தாள்.

"அவளை விடுடா நாயே! என்னைப் பிடி!"

பிடித்தது.

எலும்பு வரை குளிர் ஏறியது. திரையில் தங்கையின் கை மெல்லச் சிவந்தது.

டாக்டர் ஓடி வந்து மறுபடி தைத்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டார். "தூக்கத்துல இழுத்திருப்பா," என்றார். அக்கா தலையாட்டினாள். குளிர் போயிருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் தன் உள்ளங்கையைக் காமிராவுக்குக் காட்டினாள். கை சில்லென்றிருந்தது. இப்போதுதான் கழுவினோம் என்று நினைத்தாள். இயந்திரம் அதையே நல்ல தோல் என்று எடுத்துக்கொண்டது.

தங்கையின் கை திரையில் செக்கச்செவேல் என்றிருந்தது.

"பிரமாதம்," என்றார் டாக்டர்.

அன்று முழுக்க சிவப்பு. மறுநாளும் அவள்தான் கையைக் காட்டினாள். மறுநாளும் சிவப்பு. மரத்துப்போச்சு என்று தங்கை சொன்னபோது, "நரம்பு ஒட்ட நாளாகும்டி," என்று அக்கா அதட்டினாள். அறை குளிர்ந்திருந்ததால் தோலின் குளிர்ச்சியையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வாடை வந்தது. இந்த முறை கட்டுக்குள்ளிருந்து.

கட்டைப் பிரித்த நர்ஸ் பின்வாங்கினாள். தையலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது.

தகட்டைத் தேடி எடுத்து வைத்தார்கள். திரை திருத்திக்கொண்டது. தங்கையின் கை முழுக்க நீலம். ஒரு புள்ளி சிவப்பு இல்லை.

"நேத்தே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர். "மெஷின் ஏன் பொய் சொல்லிச்சு?"

அந்தக் கையை மறுபடி வெட்டி எடுத்தார்கள். பனிக்கட்டி வேண்டியிருக்கவில்லை.

காலிக் கட்டிலுக்கு மேலே காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தகட்டைக் காட்டினாள். பிறகு தன் கையை நீட்டினாள்.

திரையில் உள்ளங்கை சிவப்பு. மணிக்கட்டு சிவப்பு.

சட்டைக்கையை மேலே சுருட்டினாள்.

முழங்கைக்கு மேலே நீலமாக ஒரு கட்டைவிரல். எதிர்ப்பக்கம் மூன்று விரல்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பிடியை விட்டு, இன்னும் சற்று மேலே பிடித்தன.