மூன்றாவது மிதி

பிக்கப் வண்டி பட்டறைக்குள் நுழையும் முன்பே சண்டை நுழைந்துவிட்டது.

"பிரேக்ல ஒரு கோளாறும் இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்கக்கா, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் செடி நர்சரி முதலாளி. பக்கத்துத் தெரு நர்சரியிலிருந்து வண்டியை அவரேதான் ஓட்டி வந்திருந்தார். பல வருடமாக ஓட்டிவந்த டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து மெதுவாக இறங்கி, கதவோரமாக நின்றுகொண்டார். நசுங்கிய பம்பரில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"காலையில நர்சரி கேட்டை இடிச்சுட்டான். தண்ணி ஊத்திட்டிருந்த பொண்ணு துள்ளி விலகலைன்னா என்ன ஆயிருக்கும்? கேட்டா, பெடல் கல்லாயிடுச்சாம். கூட்டமெல்லாம் கலைஞ்சப்புறம் நானே ஏறி மிதிச்சேன். வெண்ணெய் மாதிரி இறங்குது. சாவியை அப்பவே எல்லார் முன்னாடியும் பிடுங்கிட்டேன். பிரேக் நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா, இன்னிக்கே இவனை அனுப்பிடுவேன்."

"நீங்க சொல்லுங்க" என்றாள் அக்கா, டிரைவரிடம்.

"இறக்கத்துல ரெண்டு தடவை நல்லாத்தான் பிடிச்சதுக்கா. கேட்டுக்கிட்ட மூணாவது தடவை மிதிச்சேன், கல்லு. ரெண்டு காலையும் வெச்சு அழுத்துனேன்."

பட்டறை அக்காவுடையது. கூட வேலை பார்ப்பவன் அவளுடைய கணவனின் தம்பி. ஊரே அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிட்டது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஐந்து நிமிடம் கூட இருந்தால் தெரிந்துவிடும். பானெட்டைத் திறப்பதற்குள் அவனிடம் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன.

"அண்ணி, பெடலுக்கு அடியில தண்ணி பாட்டில் உருண்டிருக்கும்!" குனிந்து பார்த்தான். பாட்டில் இல்லை. "அப்போ சக்கரத்துல பிரேக் இறுகியிருக்கும்." ஜாக்கி வைத்துத் தூக்கினான். நான்கு சக்கரமும் பம்பரமாய்ச் சுற்றின. "அப்போ இது யாரோ வேண்டாதவங்க வேலை!"

"துப்பறியறதுக்கு முன்னாடி கையைத் துடை. கதவெல்லாம் கிரீஸ் ஆக்குறே" என்றாள் அண்ணி.

அவள் வண்டியில் ஏறினாள். என்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் இறுகும்வரை திரும்பத் திரும்ப மிதித்தாள். பிறகு காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தாள். பெடல் தானாகச் சற்று கீழே இறங்கியது.

"பூஸ்டர் வேலை செய்யுது. பெடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற பூஸ்டர் டப்பாவோட காத்தை என்ஜின் பக்கத்துலேர்ந்து ஒரு குழாய் உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் நம்ம காலுக்குத் துணை. அது இல்லைன்னா பெடல் கல்லுதான்."

"அப்போ பிரேக் நல்லா இருக்கு!" முதலாளியின் முகம் மலர்ந்தது. டிரைவர் தரையைப் பார்த்தார். அவசரத்துக்கு அந்த மனிதரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"இப்போ நல்லா இருக்கு" என்றாள் அண்ணி. "சமீபத்துல ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"ஒண்ணும் கிடையாது. பானெட்டுக்குள்ள 'உஸ்ஸு'ன்னு ஒண்ணு வந்துட்டிருந்தது, இப்போ அதுகூட இல்ல" என்றார் முதலாளி.

"உஸ்ஸா?" டிரைவர் நிமிர்ந்தார். "நான் கேட்டதே இல்லையே!"

"நீ எங்கே கேட்டே? பொண்ணு கல்யாணம்னு லீவுல இருந்தே."

அண்ணி கைகளை மெதுவாகத் துடைத்தாள். அவள் அப்படித் துடைத்தால் எலி பொறியில் விழுந்துவிட்டது என்று அவசரத்துக்குத் தெரியும். ஆனால் எலி எது என்று தெரியாமல் மண்டை குடைந்தது.

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்கதவுச் சங்கிலி சலசலக்காமலிருக்க அதன்மேல் பச்சை ஹோஸ் மாட்டியிருந்தது. வாளியின் கைப்பிடியிலும் பச்சை ஹோஸ். ஆடிய பக்கக் கண்ணாடியின் கம்பிக்கும் அதே ஹோஸ்தான் முட்டு.

"அழகா இருக்கே, யார் கைவேலை?"

"நான்தான்!" முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "செடிக்குத் தண்ணி விடற ஹோஸ் மிச்சம் கிடக்கும். அது இருக்கறவரைக்கும் நர்சரியில யாரும் எதுக்கும் கடைக்குப் போறதில்ல."

"தம்பி, பானெட்டை மூடு. என்ஜின் நல்லாச் சூடாகட்டும்."

சூடாகிற வரை அவசரம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கடைசியில் அண்ணி தலையசைத்ததும் தாவி ஏறினான். ஒரு மிதி, இறங்கியது. இரண்டாவது மிதியும் இறங்கியது. மூன்றாவதில் முழங்கால்தான் வலித்தது.

"கல்லு அண்ணி! கல்லு!"

முதலாளி அவனைத் தள்ளிவிட்டுத் தானே ஏறி மிதித்தார். ஒரு காலால், பிறகு இரண்டு காலாலும். வியர்த்துவிட்டது.

"வந்து பாருங்க" என்று அண்ணி பானெட்டைத் தூக்கினாள். பூஸ்டருக்குப் போகும் குழாய் முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நடுவில் அது அப்பளம்போல் சப்பையாகிக் கிடந்தது. கத்தி நுனியால் டேப்பைக் கீறினாள். உள்ளே பச்சை.

"பழைய குழாய் கிழிஞ்சு காத்து இழுத்து உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. தானா நிக்காது, யாரோ நிறுத்தியிருக்கணும். இவர் அப்போ லீவு. வண்டி முழுக்கப் பச்சை ஹோஸ், அது உங்க கைவேலைன்னு நீங்களே சொன்னீங்க."

"அது எவ்வளவு அழுத்தம் தாங்கும் தெரியுமாக்கா? மோட்டார்ல போட்டாக்கூட வெடிக்காது!"

"தண்ணி உள்ளேயிருந்து வெளியே தள்ளும், தாங்கும். இங்கே உறிஞ்சுது. சூட்டுல இளகி உள்பக்கம் ஒட்டிக்குது. முதல் ரெண்டு மிதிக்கு டப்பாவுல மிச்சமிருந்த உறிஞ்சல் போதும், மூணாவதுக்கு இல்ல. வண்டி ஆறினா குழாய் நிமிந்துக்கும். நீங்க மிதிச்சுப் பாத்தப்போ ஆறியிருந்தது."

முதலாளி கீறிய டேப்பை விரலால் திரும்ப ஒட்டப் பார்த்தார். "அசிங்கமாத் தெரியக்கூடாதுன்னு டேப் சுத்தினேன்" என்றார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் அது.

கெட்டியான சரியான ஹோஸைப் போட்டுக் கிளிப்பை இறுக்க அதிக நேரம் ஆகவில்லை. மீண்டும் சூடாக்கி, அவசரம் மிதித்துக்கொண்டே இருந்தான். அண்ணி போதும் என்று அதட்டும்வரை ஒவ்வொரு மிதிக்கும் பெடல் இறங்கியது.

முதலாளி சாவியை உருவி, டிரைவரிடம் நீட்டினார்.

டிரைவர் கையை நீட்டவில்லை.

"இங்கே வேண்டாம் முதலாளி. எல்லார் முன்னாடியும் வாங்கினீங்க. அங்கே போய், எல்லார் முன்னாடியும் குடுங்க. தண்ணி ஊத்தின அந்தப் பொண்ணும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவசரத்துக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் வாய் துறுதுறுத்தது. அண்ணி அவன் தோளில் கை வைத்தாள். முதலாளி சாவியோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, வண்டியை மெதுவாக நர்சரி இருக்கும் பக்கம் திருப்பினார்.