வெளித் தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது. தட்டும் சத்தமோ உள்ளேயிருந்து வந்தது.

கடலடியில் வெல்டர் தன் டார்ச் வெளிச்சத்தை இரும்புக் கதவில் பாய்ச்சினான். போரில் குண்டு பட்டு மூழ்கிய சரக்குக் கப்பல். அதன் எஞ்சின் அறைக் கதவு. ஒவ்வொரு தட்டுக்கும் துரு உதிர்ந்து, வெதுவெதுப்பான நீலத் தண்ணீரில் புகையாய்ப் பரவியது. மூன்று தட்டு. கொஞ்சம் அமைதி. மறுபடி மூன்று.

மூன்று தட்டினால் சிக்கிக்கொண்டேன் என்று அர்த்தம். காலையில் படகில் தங்கச்சி புருஷனுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

“தட்டினா வருவீங்களா மச்சான், இல்ல பித்தளையை அள்ளிட்டுக் கிளம்பிடுவீங்களா?”

“உங்களை விட்டுட்டுப் போனா உங்க பொண்டாட்டி என்னை உயிரோட உரிச்சிடுவா மாப்ள!”

சிரித்தார்கள். தங்கச்சிக்கு நிறைமாசம். இந்த வேலையே வேண்டாம்ணா என்று அழுதவளிடம், மாப்பிள்ளையை நான் பாத்துக்கறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறான்.

மாப்பிள்ளை கப்பலின் மறுபக்கம் போயிருந்தார். அங்கே விலாவில் பெரிய ஓட்டை. அது வழியாக உள்ளே நுழைந்திருப்பார், சொன்ன பேச்சு கேட்டால்தானே! தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது, எங்கே தட்டினாலும் காதுக்குள் தட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதவு அதிர்கிறதே. அதற்கு மேல் என்ன வேண்டும்?

கத்திப்பிடியால் தாழ்ப்பாளை ஓங்கி இடித்தான். இன்னொரு இடி. கதவு திறந்தது.

கறுப்புச் சேறு பொங்கி வந்தது. டார்ச் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கை அவன் கணுக்காலைப் பிடித்தது. மாப்பிள்ளைதான், நல்லவேளை. அதற்குள் இன்னொரு கை. இன்னொன்று. தொடையில். இடுப்பில். எலும்பு குத்தும் கைகள். முகக்கண்ணாடியைப் பிடுங்கின. வாய்க்குழாயைப் பிடுங்கின. தொண்டையில் உப்புத்தண்ணீர். அட கடவுளே.

குத்தினான். வெட்டினான். ஏதேதோ நொறுங்கியது. பின்னாலிருந்து ஒரு கை தோளை இறுக்கி இழுத்தது. அதை வெறிபிடித்தவன் மாதிரி வெட்டினான். கத்தி மெத்தென்று இறங்கியது. விடவில்லை அது. விரல் விரலாய் அறுத்தான். விட்டது.

வாய்க்குழாயைத் துழாவிக் கடித்தான். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினான். திமிறியதில் கதவைவிட்டுத் தள்ளி வந்திருந்தான். சேறு விலகியது.

எதிரே, கதவோரம் மாப்பிள்ளை. மறுபக்கத்திலிருந்து இவனைக் காப்பாற்ற வந்தவர். அவ்வளவு ஆழத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சையாய்ப் பரவிக்கொண்டிருந்தது. கதவுக்குள்ளிருந்து நீண்ட கைகள் அவர் பெல்ட்டையும் கால்களையும் பிடித்து, அவசரமே இல்லாமல் உள்ளே இழுத்தன.

மாப்பிள்ளை கையை நீட்டினார். வெல்டர் பாய்ந்து பற்றினான். வழுக்கியது. பதிலுக்குப் பிடித்துக்கொள்ள அதில் விரல் இல்லை.

கதவு மூடும்வரை அந்தக் கை அவனை நோக்கி நீண்டே இருந்தது.