துபாய் தேயிலை டப்பா

ஃபர்ஹத் எதையும் எளிதில் நம்ப மாட்டாள். பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறாரா என்றுகூட எட்டி எட்டிப் பார்ப்பாள். இப்போது அவளுடைய சந்தேகமெல்லாம் அடுப்படியில் இருந்த ஒரு டப்பாவின் மேல்.

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அகமது மீரான் மாமா கொடுத்த தேயிலை அது.

"டீ உடம்புக்கு ரொம்ப நல்லது மச்சான். சர்க்கரை நோயைக்கூட விரட்டிரும்னு அங்கன எல்லாரும் சொல்லுதாவ" என்று வாப்பாவிடம் சொன்னார் மாமா.

டப்பா முழுக்க அரபி எழுத்து. அந்த வீட்டில் எல்லோரும் அரபி ஓதுவார்கள், அர்த்தம்தான் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்துக்காகவே உம்மா டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தாள். அது பொய் சொல்லுமா என்ன? வாப்பா உமர் பாரூக் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். வெந்நீரில் அந்தத் தூளைக் கலக்கி மூன்று வேளையும் குடித்தார்.

"சீனியே போடலையே வாப்பா, பிறகு எப்படி இனிக்குது?" என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துக் கேட்டாள் ஃபர்ஹத்.

"நல்ல தேயிலைன்னா அப்படித்தாம்ளா."

ஆனால் வாப்பா நன்றாக இல்லை. பேட்டையில் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து வந்ததும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். ஃபர்ஹத்துக்குப் பயமாக இருந்தது. டப்பாவைக் கேட்டால் அது உண்மையைச் சொல்லவா போகிறது?

அடுப்படிச் சுவரோரம் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. ஃபர்ஹத் இரண்டு மூடிகளை எடுத்தாள். ஒன்றில் கடைத் தேயிலை, இன்னொன்றில் துபாய்த் தூள். இரண்டையும் எறும்புகளின் வழியில் வைத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள்.

எறும்புகள் கடைத் தேயிலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. துபாய் மூடியில் மட்டும் திருவிழாக் கூட்டம்!

"வாப்பா, இங்கன வந்து பாருங்க!"

வாப்பா குனிந்து பார்த்தார்.

"தூளுக்குள்ளேயே சீனியைக் கலந்திருக்காவ வாப்பா."

"அரபியெல்லாம் போட்டிருக்கே புள்ள..." வாப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"எறும்புக்கு அரபி தெரியாதே வாப்பா!"

உம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவள் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் மருத்துவர் சோதித்துப் பார்த்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"டீ நல்லதுதான். சோர்வு போகும், சுறுசுறுப்பு வரும். சீனி இல்லாமல் அளவாகக் குடிங்க. ஆனா மாத்திரை செய்யுற வேலையை டீ செய்யாது" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் உம்மா சீனி போடாத டீ கொடுத்தாள். வேப்பங்காயைக் கடித்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார் வாப்பா. இரவு சாப்பிட்டதும் மாத்திரையையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"வாயைத் திறங்க வாப்பா, பார்ப்போம்."

வாப்பா சின்னப் பிள்ளைபோல 'ஆ' என்று திறந்தார். மாத்திரையைக் காணோம்.

"நாக்கையும் தூக்குங்க" என்றாள் ஃபர்ஹத்.